தொப்பிக் கடையில் ஒரு வயலின்காரன்

1

இந்த வாரம் என் வெளிநாட்டவர் பதிவு அட்டையைப் புதுப்பித்துக்கொண்டு வந்தேன். இது இருபத்தோராவது தடவை. ரங்கூன் யாங்கோன் ஆகிவிட்டது, தலைநகரத்தையே வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், என் தலைமுடியும் போய்விட்டது. அந்த அலுவலகத்தில் நான் நிற்கிற வரிசை மட்டும் அப்படியே இருக்கிறது. மூன்று புகைப்படம், நான்கு நகல், வட்டார அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம், அந்தக் கடிதம் உண்மைதான் என்று சொல்ல இன்னொரு கடிதம். படிவம் நிரப்புகிறவர் வருஷா வருஷம் என் தாயார் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்பார். போன வருஷம் இறந்தவர்கள் இந்த வருஷமும் இறந்துதான் இருக்கிறார்கள் என்று சொல்ல நாக்கு துடிக்கும். அடக்கிக்கொள்வேன்.

தொழில் என்ற கட்டத்தில் 'இசை ஆசிரியர்' என்று எழுதுவது வழக்கம். ஊருக்குப் போட்ட கடிதங்களிலும் அதைத்தான் எழுதிவந்தேன். பாபநாசத்தில் என் அண்ணன் பிள்ளைகள், சித்தப்பா பர்மாவில் சங்கீதப் பள்ளிக்கூடம் நடத்துகிறார் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்களாம். இந்தத் தடவை வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் என் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, தொப்பிக் கடையில் வயலின் வாசிக்கிற சயாதானே நீங்கள், அந்தப் பாட்டுக்காரப் பெண் எங்கே போய்விட்டது என்று கேட்டார். சயா என்றால் இங்கே வாத்தியார். மரியாதைக்கு எல்லோரையும் அப்படிக் கூப்பிடுவார்கள். வேறு யாரையோ நினைத்துக் கேட்கிறீர்கள் என்று சொல்லித் தப்பித்தேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். பொய் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது ஐயா.

2

நான் வேலை பார்ப்பது ஒரு மதுக்கடையில். வாசலில் பெரிய லாடம் ஒன்றைத் தொங்கவிட்டிருப்பார்கள். உள்ளே பரிமாறுகிறவர்கள், வாசிக்கிறவர்கள் எல்லோரும் அகலத் தொப்பி போட்டிருக்க வேண்டும். அதனால் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அது தொப்பிக் கடை.

முதலாளி கோ டின் கப்பலில் வேலை பார்த்தவர். ஒரு தடவை அவர் கப்பல் பழுதாகி டெக்சாஸ் துறைமுகத்தில் பதினோரு நாள் நின்றுவிட்டது. அந்தப் பதினோரு நாளில் பார்த்ததையும் சாப்பிட்டதையும் கேட்டதையும் மனசில் போட்டு வைத்திருந்து, வேலையை விட்டதும் இங்கே ஸ்ட்ராண்ட் ரோட்டுக்குப் பின்னால் அப்படியே கட்டி எழுப்பினார். சுவரில் குதிரைச் சேணம் இருக்கிறது. நீளக் கொம்போடு ஒரு மாட்டு மண்டை இருக்கிறது. அது டாலாவில் செத்துப்போன எருமை. ஆற்றைக் கடந்து படகில் கொண்டுவந்தார்கள். வெள்ளைக்காரர்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

சமையல்கட்டு மைதீன் பாய் வசம். அவர் தாத்தா கீழக்கரையிலிருந்து வந்தவர். மெல்லிய ரொட்டி தட்டி, அதற்குள் வேகவைத்த பட்டாணியை மசித்து வைத்து, தக்காளியும் மிளகாயும் கொத்திப் போட்டு, மேலே வெண்ணெய்ப்பழத்தை அரைத்துத் தடவினால் மெக்சிகோ சாப்பாடு தயார். எல்லாமே இந்த ஊர்ச் சந்தையில் கிடைக்கிற சாமான். பத்து வருஷமாக அதைச் செய்கிற பாய் ஒரு வாய் தின்றதில்லை. இதில் என்ன இருக்கிறது சாமி அண்ணே, பிள்ளைகளுக்குக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற மாதிரி இருக்கிறது என்பார்.

நான் வந்த கதை ஒரு பத்தியில் முடிந்துவிடும். எண்பத்தெட்டில் பங்குனி உத்திரக் கச்சேரிக்கு இங்கிருந்த ஒரு கோயிலில் கூப்பிட்டார்கள். பாடகருக்குப் பக்கவாத்தியமாக வந்தேன். வந்த இடத்தில் மஞ்சள் காமாலை. கோஷ்டி ஊருக்குத் திரும்பிவிட்டது, நான் படுக்கையில். எழுந்து நடப்பதற்குள் ஊரே கலவரப்பட்டு, கடை இல்லை, விமானம் இல்லை. அப்போது எனக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த வீட்டுப் பெண்தான் இன்றைக்கு என் மனைவி மீ மீ. அவள் அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரி. தமிழ் அவளுக்குப் புரியும், பேச வராது. என் பர்மியச் சொல் ஒவ்வொன்றும் தொனி தப்பித்தான் வெளியே வரும். கல்யாணமான புதிதில் நாங்கள் சண்டை போடுவதற்குக்கூட வழியில்லாமல் இருந்தது.

கோயில் கச்சேரிகள் குறைந்து, டியூஷன் பிள்ளைகளும் குறைந்த ஒரு வருஷத்தில் கோ டின் என்னைக் கூப்பிட்டார். வயலினைத் தாடையில் இடுக்கிக்கொண்டு நின்று வாசிக்கச் சொன்னார். எனக்கு வராது. தரையில் சம்மணமிட்டு, வயலின் நுனிச் சுருளைக் கணுக்காலில் வைத்து வாசித்துப் பழகிய உடம்பு இது. கடைசியில் மேடையில் ஒரு வைக்கோல் கட்டைப் போட்டு, அதன்மேல் சப்பணம் போட்டு உட்காரச் சொன்னார். தலையில் தொப்பி, கீழே வைக்கோல். அவர்கள் மெட்டில் ஒரு ஸ்வரத்தை நேராக நிறுத்தச் சொன்னால் என் விரல் கேட்காது, சற்று இழுத்து அசைத்துவிடும். டெக்சாஸில் இந்த ஆட்டமெல்லாம் கிடையாது என்று கோ டின் முதலில் கத்தினார். பிறகு ஜனங்களுக்கு அதுவே பிடித்துப்போனதும் சும்மா இருந்துவிட்டார்.

3

என் மகள் பெயர் சந்திரா. அட்டையில் மா சண்டா. பத்தொன்பது வயது. தபால் வழியில் பட்டப்படிப்பு படிக்கிறாள், அதாவது வருஷத்தில் பத்து நாள் படிக்கிறாள். தமிழ் காதில் வாங்குவாள், வாயைத் திறந்தால் பர்மியம்தான். எப்போதாவது தமிழ் வந்தால் "அப்பா வந்துச்சு, அப்பா சாப்புட்டுச்சு" என்பாள். திருத்தித் திருத்திப் பார்த்து விட்டுவிட்டேன். அவளுக்குப் பன்னிரண்டு வயதானதிலிருந்து எங்களுக்குள் பேச்சு என்றால் சாவி எங்கே, மழை வருமா, அவ்வளவுதான். அவளுக்கு மனசில் என்ன இருக்கிறது என்று அவள் அம்மாவைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பெற்ற பெண்ணுக்கு மொழிபெயர்ப்பாளர் வைத்திருக்கிற தகப்பன் நான் ஒருவன்தான் இருப்பேன்.

போன வருஷம் கடையில் பாடிக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகிப் போனதும் சந்திரா தானாகப் போய்க் கோ டின்னிடம் பாடிக்காட்டிவிட்டு வந்தாள். அமெரிக்க மெட்டுக்குப் பர்மிய வார்த்தை போட்டுப் பாடுவது இங்கே சாதாரணம். சின்ன வயதில் என்னிடம் ஸ்வரம் படித்தவள், நன்றாகவே பாடினாள். எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மதுக்கடையில் பெண்ணைப் பாடவிடுவதா? மீ மீ ஒரே வார்த்தையில் மடக்கினாள், நீங்கள் வாசிக்கிற இடம்தானே என்று.

உள்ளதைச் சொல்கிறேன். முதல் சனிக்கிழமையே என் பிடிவாதம் கரைந்துவிட்டது. அவள் ஒரு அடி பாடி நிறுத்துவாள், நான் அதை வாங்கிக் கொஞ்சம் நீட்டித் திருப்பிக் கொடுப்பேன், அவள் திரும்பிப் பார்க்காமலே அடுத்த அடியைச் சரியாக எடுப்பாள். மூச்சு எங்கே விடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. வாரத்துக்கு ஆறு நாள் சாவியையும் மழையையும் பேசிவிட்டு, சனிக்கிழமை இரண்டு மணி நேரம் நானும் என் மகளும் பேசிக்கொண்டோம். அந்த இரண்டு மணி நேரத்தை எதற்காகவும் இழக்கக்கூடாது என்று இருந்தேன்.

தொல்லை மாலை ரூபத்தில் வந்தது. இங்கே பாட்டுக்காரியைப் பிடித்துப்போனால் வாடிக்கையாளர் மாலை வாங்கிப் போடுவார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஜிகினாத் தாள் மாலைகள் கொத்தாகத் தொங்கும். காசு கொடுத்தால் பரிமாறுகிறவன் எடுத்துப்போய்ப் பாடுகிறவள் கழுத்தில் போடுவான். சிலர் தாங்களே மேடைக்கு வந்து போடுவார்கள். பாட்டு முடிந்ததும் மாலை மறுபடி ஆணிக்குப் போய்விடும். இது இந்த ஊரில் கைதட்டுவது மாதிரி. யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மாலை விழாத பாட்டுக்காரியை முதலாளிகள் வைத்துக்கொள்வதும் இல்லை.

எல்லாம் புத்திக்குத் தெரிகிறது. ஆனால் ஒரு ஆண்பிள்ளை என் பெண் கழுத்தில் மாலை போடுகிறதைப் பார்த்துக்கொண்டு நான் வாசிக்க வேண்டுமா? நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம். கல்யாண வீடுகளில் மாலை மாற்றும்போது வாசித்து வளர்ந்த கை இது. முதல் நாள் ஒருவர் மாலையோடு ஏறியபோது வில் தந்தி தப்பி இழுத்துவிட்டது. அன்றிலிருந்து, யாராவது மாலையோடு எழுந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். கைதட்டல் கேட்டபிறகுதான் திறப்பேன்.

இன்னொன்றும் உண்டு. வயலின்காரர் பாட்டுக்காரியின் தகப்பன் என்று வாடிக்கையாளர்களுக்குத் தெரியக்கூடாது என்று கோ டின் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்பன்காரன் பின்னால் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தால் எவன் மாலை போடுவான் சயா என்றார். நியாயம்தானே. ஒரே வீட்டிலிருந்து கிளம்பி, தெருமுனையில் பிரிந்து, தனித்தனியாகக் கடைக்குள் நுழைவோம்.

4

போட்டாதாங் படகுத்துறைக்குப் பக்கத்தில் கிடங்கு வைத்திருக்கிற ஊ சோ மியிண்ட் என்று ஒருவர் சனிக்கிழமை தவறாமல் வருவார். அறுபது வயது இருக்கும், நம் ஆட்கள் நிறம். குடிக்க மாட்டார். எலுமிச்சைச் சாறு வைத்துக்கொண்டு முன் மேசையில் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு வாரமும் சந்திராவுக்கு ஒரு ஜிகினா மாலை அனுப்புவார். இந்த வயதில் இவருக்கு என்ன கேடு என்று நான் பாயிடம் புலம்பியிருக்கிறேன். பாய் ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, எல்லாரையும் அப்படி நினைக்காதீங்கண்ணே என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அந்தச் சனிக்கிழமை இரண்டாவது பாட்டு முடிகிற இடம். அவர் எழுந்தது தெரிந்து வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டேன். மூக்கில் மல்லிகை வாசனை ஏறியது. ஜிகினாவுக்கு ஏது வாசனை? கண்ணைத் திறந்தால், நெருக்கிக் கட்டிய நிஜ மல்லிகை மாலை, நடுவே ரோஜா, கீழே குஞ்சம். நம் ஊர்க் கல்யாண மாலை. அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மேடையில் சந்திராவுக்கு ஒரு முழம் தள்ளி நிற்கிறார். அவள் சிரித்துக்கொண்டு மைக்கை வாயருகே கொண்டுபோகிறாள்.

எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. எப்படி எழுந்தேன் என்று தெரியாது. வயலினை வைக்கோலில் போட்டுவிட்டுப் பாய்ந்து, அவர் கையிலிருந்த மாலையைப் பிடுங்கி மேடைக்குக் கீழே எறிந்தேன். எறிந்துவிட்டு, தொனி தப்பாத பர்மியத்தில் கத்தினேன்:

"நான் இவளுடைய அப்பா. என்னைக் கேட்காமல் இவள் கழுத்தில் நீங்கள் பூமாலை போடுவதா?"

ஊ சோ மியிண்ட் தன் வெறும் கையைப் பார்த்தார். பிறகு எனக்குத் தலைகுனிந்து வணங்கிவிட்டு இறங்கிப் போனார். சந்திராவின் முகத்தை நான் பார்க்கவில்லை. டிரம் வாசிக்கிறவன் எதையோ தட்டி அடுத்த பாட்டை ஆரம்பித்தான். அவள் அதைப் பாடி முடித்தாள்.

5

மறுநாள் காலை சந்திரா மாடிக் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பர்மியத்தில் படபடவென்று கொட்டினாள். பாதிதான் பிடிபட்டது. மொழிபெயர்க்க மீ மீயைத் தேடினேன், அவள் சந்தைக்குப் போயிருந்தாள். என் திணறலைப் பார்த்துவிட்டுச் சந்திரா நிறுத்தினாள். ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே, நிதானமாக, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்.

"அந்த மாலை எனக்கு இல்லப்பா. அப்பாவுக்கு. அவரு அப்பாவப் பாத்துத்தான் வந்துச்சு. அப்பா எப்பவும் கண்ணு மூடிக்கிச்சு."

பிறகு துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டது இது. ஊ சோ மியிண்டின் தகப்பனார் தமிழர், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இவர் சின்னப்பிள்ளையாக இருந்தபோதே போய்விட்டார். அவர் முகச்சவரம் செய்துகொள்ளும்போது எதையோ இழுத்து இழுத்துப் பாடுவாராம். என் வயலின் இழுப்பைக் கேட்கத்தான் இவர் சனிக்கிழமை வருகிறார். வாசிக்கிறவனுக்கு மாலை போடுகிற வழக்கம் இங்கே இல்லாததால் இத்தனை நாளும் பாடுகிறவளுக்கு அனுப்பியிருக்கிறார். முந்தின வாரம் சந்திராவிடம், உன் கூட வாசிக்கிறவருக்கு ஒரு மாலை போட்டால் ஏற்றுக்கொள்வாரா, அவர்கள் முறை என்ன என்று கேட்டிருக்கிறார். தாள் மாலை வேண்டாம், நிஜப்பூ என்று இவள் சொல்லியிருக்கிறாள். கோயில் வாசல் பூக்காரம்மாவிடம் சொல்லிக் கட்டச் சொன்னதும் இவள்தான்.

ஊரில் எத்தனை கச்சேரி வாசித்திருப்பேன். முடிந்ததும் பாடகருக்கு ஆள் உயர மாலை போடுவார்கள். வாங்கிவந்த மாலையில் ஒன்று குறைந்தால், குறைவது என் கழுத்துக்குத்தான். இதை எப்போதோ மீ மீயிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். அவள் பெண்ணுக்குச் சொல்லியிருக்கிறாள்.

மிச்சத்தை மைதீன் பாய் சொன்னார். அந்த வாரம் முழுக்கச் சந்திரா அவர் அடுப்படிக்கு வந்து ஒரு தமிழ் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகியிருக்கிறாள், மைக்கில் சொல்வதற்கு. முதலாளி போட்ட கண்டிப்பை மீறி, அத்தனை பேர் முன்னால்.

"'இவர் என் அப்பா, இவர்கிட்டதான் நான் பாட்டு படிச்சேன்'னு சொல்லணும்னு அது ஆசைப்பட்டுச்சு. 'இவரு'ன்னு மரியாதையாச் சொல்ல நாலு நாள் ஆச்சு அதுக்கு," என்றார் பாய். என் முகத்தைப் பார்க்காமல் ரொட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

நான் அங்கேயே மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். சீ, என்ன மனுஷன் நான் என்று இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

6

திங்கட்கிழமை போட்டாதாங் கிடங்குக்குப் போய் ஊ சோ மியிண்டிடம் மன்னிப்புக் கேட்டேன். என் உடைந்த பர்மியத்தைப் பொறுமையாகக் கேட்டார். தேநீர் வரவழைத்தார். நானும் பெண்ணைப் பெற்றவன்தான் என்றார். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை. தன் அப்பா பாடியது என்ன பாட்டு என்று கண்டுபிடித்துத் தர முடியுமா என்று கேட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு நாலு ஸ்வரம் முனகிக் காட்டினார். நாலு ஸ்வரத்தை வைத்துக்கொண்டு என்ன சொல்வது? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசிக்கிறேன்.

கடையில் நான் செய்தது கடையை விட்டுப் போகவில்லை. பாட்டுக்காரியின் தகப்பன் பின்னால் உட்கார்ந்திருக்கிறான், கோபக்காரன் என்று வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை ஒரு மாலைகூட விழவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. நன்றாகத்தான் பாடினாள், கைதட்டினார்கள், எழுந்து வர யாருக்கும் துணிச்சல் இல்லை. வாசிப்பதை நான் விட்டுவிடுகிறேன், அவளை வைத்துக்கொள்ளுங்கள் என்று கோ டின்னிடம் கெஞ்சிப் பார்த்தேன். அவர் நல்ல மனிதர், தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். நீங்கள் இல்லாவிட்டாலும் உங்கள் பெண் என்று தெரிந்துவிட்டதே சயா என்றார்.

ஒரு மாதத்தில் அவள் மாந்தளேயில் ஒரு ஓட்டலில் வேலை தேடிக்கொண்டாள். வாரத்துக்கு ஐந்து நாள் பாட்டு, தங்க இடம். கிளம்புவதற்கு முந்தின நாள் அவளிடம், தப்புப் பண்ணிட்டேம்மா என்றேன். சரிப்பா என்றாள். மன்னித்த சரியா, பேச்சை முடிக்கிற சரியா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கிற அளவுக்கு எங்கள் இருவருக்கும் பொதுவாக வார்த்தை இல்லை.

கூடப் போய்க் கொண்டுவிட்டு வரலாம் என்றால், என்னைப் போன்ற அட்டைக்காரர்கள் இந்த ஊரை விட்டு வெளியே போக அனுமதிக் கடிதம் வேண்டும். விண்ணப்பித்தேன். அவள் போய் நாற்பது நாள் ஆகிறது, கடிதம் இன்னும் மேசையில் இருக்கிறதாம். எந்த மேசை என்று கேட்டதற்கு அலுவலகத்துப் பெண் சிரித்தாள். மீ மீ மட்டும் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அறை சுத்தமாக இருக்கிறது, மெலிந்திருக்கிறாள், உங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை என்றாள். இங்கே புதிதாக வந்திருக்கிற பெண்ணுக்கு மாலைகள் விழுகின்றன. நான் கண்ணைத் திறந்துகொண்டுதான் வாசிக்கிறேன். அந்தப் பெண் எங்கே மூச்சு விடுவாள் என்று பிடிபடவே இல்லை.

7

நேற்று மாலை தெருமுனையில் மேசை போட்டுக் காசுக்குப் போன் பேசவிடுகிற அம்மா ஆள் அனுப்பினாள், மாந்தளேயிலிருந்து அழைப்பு என்று. மீ மீ வீட்டில் இல்லை. அவளுக்குத்தான் வந்திருக்கும் என்று தெரிந்தும் ஓடினேன்.

அப்பாவா என்று கேட்டாள் சந்திரா. வைத்துவிடுவாளோ என்று பயந்து, சாப்பிட்டாயா என்றேன். சாப்பிட்டாளாம். அங்கே மழையா என்றேன். இல்லையாம். பக்கத்தில் மேசைக்கார அம்மா நிமிஷத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

இங்கே குழு சின்னது, ஒரு கிடாரும் ஒரு கீபோர்டும்தான் என்று பர்மியத்தில் சொன்னாள். பிறகு தமிழுக்கு மாறினாள். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தாள்.

"அந்தக் கீபோர்டுல வயலின் பட்டன் இருக்குப்பா. அமுக்கினா வயலின் மாதிரியே கேக்கும். வாசிக்கிறவருகிட்ட நான் சொல்லிட்டேன், என் பாட்டுக்கு அது அமுக்க வேணாம். அந்த எடம் சும்மா விட்டுடுங்கன்னு."